ஒன்னாம் நம்பர் மெக்கானிக்

முதலில் மன்னித்துவிடுங்கள். என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம்தான். என் மனைவி பத்தாவது வரை படித்தவள். அவள் பார்த்துத் திருத்திய பிறகும் பிழை இருந்தால் அது அவள் கண்ணுக்குத் தப்பிய என் பிழை.

வாயால் சொல்ல எனக்கு வராது. நாலு பேர் நிற்கும் இடத்தில் யாராவது என்னைப் பார்த்து ஒன்று கேட்டால் காது சூடாகிவிடும். “பேசத்தான் வரல, எழுதியாவது வைங்க. உள்ளயே வச்சுப் புழுங்குறீங்க” என்றாள் மனைவி. அதனால் எழுதுகிறேன்.

நான் போர் மோட்டார் மெக்கானிக். ஆழ்துளைக் குழாய்க்குள் மோட்டாரை இறக்குவது, பழுதானால் தூக்கிச் சரிசெய்து மறுபடி இறக்குவது. மன்னார்குடிக்கும் ஒரத்தநாட்டுக்கும் நடுவில் உள்ள ஊர்களில் ஆற்றை நம்பி விதைத்த காலம் போய், மோட்டாரை நம்பி விதைக்கிற காலம் வந்ததிலிருந்து இந்த வேலையில் இருக்கிறேன். எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்து தண்ணீர் கொட்டியதும், மோட்டார் கொட்டகையின் தகரக் கதவில் தன் போன் நம்பரையும், மோட்டார் இறக்கிய தேதியையும் பெயிண்டால் எழுதிவிட்டு வருவோம். அடுத்த முறை யார் தூக்கினாலும் உள்ளே கிடப்பதற்கு என்ன வயசு என்று தெரிவதற்காகத் தேதி. நம்பர் எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்குக் கடை கிடையாது. அந்தக் கதவுகள்தான் கடை.

வேலையில் எனக்கு ஒரே ஒரு கஷ்டம், கூலி கேட்பது. “பாத்துக் குடுங்க” என்பேன். அவர்களும் பார்த்துத்தான் கொடுப்பார்கள், என் முகத்தைப் பார்த்து. “பாதாளத்துல கெடக்குற மோட்டாரத் தூக்குறீங்க, தொண்டையில கெடக்குற வார்த்தையத் தூக்க முடியலயா?” என்று மனைவி கேட்பாள்.

இந்த இடத்தைத்தான் ஒரு கம்பெனி சரியாகக் கண்டுபிடித்தது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு பையன் வந்தான். மஞ்சள் பனியன், கழுத்தில் அடையாள அட்டை. போனில் ஒரு செயலி. விவசாயி அதைத் திறந்து என்ன ஆள் வேண்டும் என்று தொட்டால் போதும், பக்கத்தில் உள்ள ஆள் வருவான். மெக்கானிக், மரம் ஏறுகிறவர், மருந்தடிக்கிற ட்ரோன்காரர், சமையல்காரர், எல்லோரும் அதில் உண்டு.

“ரேட்ட நீங்க பேசவே வேணாம்ணே. போனே சொல்லிடும். நீங்க வேலயப் பாத்துட்டு வந்துகிட்டே இருக்க வேண்டியதுதான்” என்றான்.

இதைக் கேட்டதும் எனக்குக் கோயில் கதவு திறந்தது போல இருந்தது. வேறு எதையும் நான் கேட்கவில்லை. என்னைக் கொட்டகைக்கு முன்னால் நிறுத்தி, மஞ்சள் பனியன் மாட்டி, கையில் யாருடையதோ ஒரு துளைபோடும் மெஷினைக் கொடுத்துப் படம் பிடித்தான். அந்த மெஷினை நான் அதற்கு முன்னாலும் தொட்டதில்லை, பிறகும் தொடவில்லை. “சிரிங்கண்ணே, நீங்க எக்ஸ்பர்ட்டு” என்றான். படத்துக்குக் கீழே ‘உங்கள் நிபுணர்’ என்று வந்தது. மனைவி பார்த்துவிட்டு, “சந்தையில கொம்புக்கு வர்ணம் அடிச்ச மாடு மாதிரி இருக்கீங்க” என்றாள். இருவரும் சிரித்தோம்.

பிறகு அவனே என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து ஊர் ஊராக வந்தான். ஒவ்வொரு கொட்டகைக் கதவிலும் என் நம்பர் எழுதியிருந்த இடத்தில், சரியாக அதன் மேலேயே, ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டினான். அதில் கட்டம் கட்டமாக ஒரு கறுப்புச் சதுரம். போனில் அதைப் படம் பிடித்தால் செயலி திறக்கும். வேறு இடத்தில் ஒட்டலாமே என்று நினைத்தேன். கேட்கவில்லை. நான்தான் வண்டி ஓட்டினேன். கதவுகளை நான்தான் காட்டினேன்.

முதல் சில மாதம் நன்றாகத்தான் இருந்தது. போன் விலை சொன்னது, விவசாயி கொடுத்தார், நான் தலை நிமிர்ந்து வந்தேன். ஒரே ஒரு தொல்லை, வேலை தொடங்குமுன் விவசாயியின் போனுக்கு வரும் நாலு இலக்க எண்ணை நான் கேட்டு வாங்க வேண்டும். ஒரு பெரியவர் சொல்லவே மாட்டேன் என்றுவிட்டார்.

“பேங்க்ல கண்டிசனா சொல்லிருக்கான், பெத்த அப்பன் கேட்டாலும் சொல்லாதன்னு. நீ என்னமோ ஸ்பேனரக் கையில வச்சுகிட்டு வந்து கேக்குற?”

“இல்லைய்யா, இது பேங்க் நம்பர் இல்ல…”

“ஏமாத்துறவனும் இப்படித்தான் ஆரம்பிப்பானாம்.”

அன்றைக்குத் திரும்பி வந்துவிட்டேன். இதெல்லாம் சிரிப்புக்கு.

கம்பெனி முதலில் யாரிடமும் காசு வாங்கவில்லை. விவசாயிகள் அந்தச் சதுரத்துக்குப் பழகும் வரை பொறுமையாக இருந்தது. பழகியதும், முடித்த வேலைக்குப் பங்கு எடுத்தது. என்னிடம் ஏற்கெனவே வந்துகொண்டிருந்த ஆட்கள்தான், என் கதவைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். இருந்தாலும் வழி கம்பெனியுடையது என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கூப்பிட்ட தகவலைத் தருவதற்கே முன்பணம் என்றார்கள். விவசாயிக்கு எல்லாம் இலவசம். வாங்குவது முழுவதும் எங்களிடம்.

தகவலை விற்கிற விதத்தைப் பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கண்ணால் பார்த்தேன். ‘உங்களுக்காக ஒரு வாடிக்கையாளர்’ என்று போன் சொன்னதை நம்பி அவ்வளவு தூரம் வண்டியில் போனால், அங்கே எனக்கு முன்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள். இரண்டு மஞ்சள் பனியன். என்னோடு மூன்று. தோப்புக்காரர் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

“என்னப்பா, கோஷ்டியா வந்துருக்கீங்க? கரகாட்டமா?”

அவர் ஒருவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார். ஒரு அழைப்பைக் கம்பெனி மூன்று பேருக்கு விற்றிருக்கிறது. எங்களில் சின்னவன் என்னிடம் மெதுவாகச் சொன்னான், “அண்ணே, மூணு பேரும் டிக்கெட் எடுத்துட்டு ஒரே சீட்டுக்கு நிக்கிறோம்.”

“சரி, யாரு கொறச்சு செய்வீங்க?” என்றார் தோப்புக்காரர்.

விலையைப் போன் பேசிக்கொள்ளும் என்ற பேச்சு அங்கே முடிந்தது. மற்ற இருவரும் மாறி மாறி இறங்கினார்கள். ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்காமல், தென்னை மட்டையைப் பார்த்துக்கொண்டு இறங்கினார்கள். நான் வண்டியைக் கிளப்பினேன். முன்பணம் போனது போனதுதான்.

அதற்குப் பிறகும் நான் விடவில்லை. விட முடியாது. கதவில் என் நம்பர் இல்லை, ஸ்டிக்கர்தான் இருந்தது. என் நம்பரைப் போனில் பதிந்து வைத்திருந்த சிலர் நேராகக் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் எப்போதும் கதவைப் பார்த்தே கூப்பிட்டுப் பழகியவர்கள். செயலி வழியாகப் பேசும்போது அவர்கள் போனில் விழுவது என் நம்பர் இல்லை, கம்பெனியின் ஏதோ ஒரு நம்பர். அது தினம் மாறும். ஆக, என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கம்பெனி வாசல் வழியாகத்தான் வர வேண்டும். அந்த வாசலில் நான் எத்தனையாவது ஆளாக நிற்கிறேன் என்பதில்தான் என் பிழைப்பு தொங்கியது. அதைத் தீர்மானிப்பது நட்சத்திரம். வேலை முடிந்ததும் விவசாயியின் போனில் ஐந்து நட்சத்திரம் வரும், அவர் அழுத்த வேண்டும்.

என் இடம் மாதாமாதம் இறங்கிக்கொண்டே வந்தது. ஏன் என்று தெரியவில்லை. வேலையில் குறை சொன்னவர் யாருமில்லை.

தை மாதத்தில் ஓர் அக்காவுக்கு மோட்டார் தூக்கினேன். குத்தகை நிலத்தில் தனியாளாக வெள்ளாமை செய்கிறவர், என்னை விட மூத்தவர், வாய் பெரியது, மனசும் பெரியது. தண்ணீர் வந்து தொட்டியில் விழுந்ததும் கையில் ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டு, புடவைத் தலைப்பில் துடைத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டினார்.

“இருங்க தம்பி, போயிடாதீங்க. ஒங்களுக்கு மார்க்கு போடச் சொல்லுது.”

விரலை நாக்கில் தொட்டு, ஒரு தடவை அழுத்தினார். பிறகு போனை என் பக்கம் திருப்பினார். ஐந்து நட்சத்திரத்தில் முதலாவது மட்டும் மஞ்சளாக எரிந்தது.

“ஒன்னாம் நம்பர்! எம்மவன் படிக்கிறப்ப ஒரு தடவயாச்சும் ஃபஸ்ட் ரேங்க் வாங்குவானான்னு பாத்தேன், வாங்கல. நீங்க வாங்கிட்டீங்க.”

நான் அந்த ஒற்றை நட்சத்திரத்தைக் குனிந்து பார்த்தேன்.

“எல்லாருக்கும் போட மாட்டேன். அன்னக்கி மருந்தடிக்க ஒரு ட்ரோன்காரன் வந்தான். பாதி வயல விட்டுட்டுப் பறந்துட்டான். போடா, நீ அஞ்சாவதுதான்னு அழுத்தி விட்டேன்.”

அவர் முகம் அப்படிப் பூரித்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்து, அக்கா, நீங்கள் தலைகீழாகப் போட்டுவிட்டீர்கள் என்று எப்படிச் சொல்வது? “சரிக்கா” என்றேன். ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் தேதியை எழுதிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் போனைக் கொடுத்து, எனக்கு விழுந்த நட்சத்திரங்களைப் படிக்கச் சொன்னேன். அவள் படித்தாள். ‘அருமை’, ஒன்று. ‘தங்கமான மனுசன்’, ஒன்று. ‘இவரை விட்டால் ஆள் இல்லை’, ஒன்று. ஒருவர் ‘லேட்டா வந்தார், பேச மாட்டேங்கிறார்’ என்று எழுதி ஐந்து கொடுத்திருந்தார். எல்லோரும் அப்படி இல்லை, டவுன் பக்கத்து ஆட்கள் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் என்னை மனசாரப் பிடித்தவர்களில் பலர் என்னை ஒன்றாம் நம்பராக்கிக் கீழே தள்ளியிருந்தார்கள். மனைவி முதலில் சிரித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

மறுநாள் கம்பெனிப் பையனை மன்னார்குடி டீக்கடையில் பிடித்தேன். மனைவி சொல்லிக்கொடுத்த வார்த்தைகளை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

“அண்ணே, ஸ்டாரு கொறஞ்சா சிஸ்டம் தானா கீழ தள்ளிடும். மனுசன் கை வைக்க முடியாது” என்றான்.

“எழுதியிருக்கறதப் படிச்சுப் பாருங்க தம்பி. அருமைன்னு இருக்கு.”

“சிஸ்டத்துக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுண்ணே.” டீயை ஊதினான். “ஆனா ஒரு வழி இருக்கு. தங்க முத்திரைன்னு ஒரு பேக்கேஜ். அதப் போட்டீங்கன்னா நீங்கதான் மொத ஆளு.”

“ஒரு ஸ்டார் இருந்தாலுமா?”

“இருந்தாலும்.”

“மனுசன் கை வைக்க முடியாதுன்னீங்களே.”

“இது கை வைக்கிறது இல்லண்ணே. பேக்கேஜ்.”

அவன் அதைக் கூச்சமே இல்லாமல் சொன்னான். கெட்ட பையன் இல்லை, அவனுக்கும் மாதம் இத்தனை பேரைப் பிடிக்க வேண்டும் என்று மேலே ஒருவன் இருப்பான். ஆனால் எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் கீழே கிடப்பதில் கம்பெனிக்கு நஷ்டம் இல்லை. கீழே கிடப்பவன்தான் மேலே வரக் காசு கட்டுவான். விவசாயி சரியாக அழுத்தினாரா, தப்பாக அழுத்தினாரா என்று அவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும்? டீயைப் பாதியில் வைத்துவிட்டேன்.

“இல்லன்னா ஒன்னு பண்ணுங்க. வேல முடிஞ்சதும் சிரிச்ச முகமா, அஞ்சு ஸ்டார் போடுங்கன்னு வாய் விட்டுக் கேளுங்க.”

கேட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை. தண்ணீர் விழுந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பதாக நினைத்து, “ஐயா, ஒரு அஞ்சு…” என்றேன்.

“அஞ்சா? அஞ்சு நூறா? போன்ல சொன்னதுக்கு மேல சல்லிக்காசு கெடயாது. ஒன்னப் போயி நல்லவன்னு நெனச்சேன் பாரு” என்றார் அவர்.

கூலி கேட்கவே கூசியவனை, கூலி வாங்கிய பிறகும் கம்பெனி கையேந்த வைத்துவிட்டது. அதற்குப் பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை. பேக்கேஜும் போடவில்லை. பங்குனியில் போன் குறைந்தது. சித்திரையில் நின்றே போனது. கோடையில், நெல்லுக்கும் உளுந்துக்கும் மோட்டார் ஓடித் தீய்கிற காலத்தில், நான் வாசலில் உட்கார்ந்து பழைய சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

வைகாசிக் கடைசியில் ஒரு மத்தியானம், அந்த அக்கா வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி, விசாரித்து, வெயிலில் நடந்து வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்து நின்றார்.

“இருக்கீங்களா! போன்ல ஆளக் காணும். வர்ற வழியில ஒரு மாலய வாங்கிட்டு வந்துரலாமான்னு பாத்தேன்.”

மனைவி தண்ணீர் கொடுத்தாள். அக்கா குடித்துக்கொண்டே சொன்னார். குறுவைக்கு நாற்று விட்டிருக்கிறார். மோட்டார் நின்றுவிட்டது. செயலியில் என் படத்தைத் தேடி இறக்கி இறக்கிப் பார்த்தும் இல்லை. முதலில் நின்ற தங்க முத்திரைக்காரன் வந்து, மோட்டாரைத் தூக்கி, கேபிளை வெட்டி ஒட்டி இறக்கினான். ஓடியது. மறுநாள் நின்றுவிட்டது. இப்போது, காயில் என்கிற கம்பிச்சுருள் கருகிவிட்டது, புது மோட்டார் வாங்குங்கள் என்கிறான். நாற்றங்கால் வெடிக்கத் தொடங்கிவிட்டது.

“ஏன் தம்பி, நான் ஒன்னாம் நம்பர் போட்ட ஆளு, எப்படிக் காணாமப் போவீங்க?”

மனைவி வாயைத் திறந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். எங்கிருந்து வந்ததோ, நானே சொன்னேன்.

“அக்கா, அதுல ஒன்னுன்னா கடைசி. அஞ்சுதான் ஒசத்தி.”

அக்கா என்னைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார்.

“ஒன்னு எப்படித் தம்பி கடைசியாவும்?”

“அவங்க கணக்கு அப்படி.”

“அப்ப அந்த ட்ரோன் களவாணிக்கு நானே மால போட்டு அனுப்பியிருக்கேனா? ஒங்களக் குழிக்குள்ள தள்ளுனது நானா?”

போனை எடுத்து நட்சத்திரத்தை மாற்றப் பார்த்தார். மாற்றும் காலம் முடிந்துவிட்டது என்று அது சொன்னது. “தூ” என்று வாசலுக்கு வெளியே துப்பிவிட்டு, “கெளம்புங்க, மொதல்ல நாத்தப் பாப்போம்” என்றார்.

மூன்று கால் கம்பத்தை நிறுத்தி, சங்கிலி போட்டு, மோட்டாரைத் தூக்கினேன். காயில் கருகவில்லை. கேபிள் ஒட்டுக்குத் தண்ணீருக்குள் போடுகிற ரப்பர் டேப்பைச் சுற்றாமல், வீட்டு ஒயருக்குச் சுற்றும் கறுப்பு டேப்பைச் சுற்றியிருந்தான். ஒட்டுக்குள் தண்ணீர். அவ்வளவுதான். அவனுக்கும் என்ன அவசரமோ. கம்பெனிக்குக் கட்டியதை எடுக்க அன்றைக்கே இன்னும் சில இடத்துக்கு ஓட வேண்டியிருந்திருக்கும். நானும் பேக்கேஜ் போட்டிருந்தால் எதைச் சுற்றியிருப்பேனோ. அந்த நினைப்புதான் எல்லாவற்றையும் விட அசிங்கமாக இருந்தது.

சரிசெய்து இறக்கினேன். சாயங்காலம் மும்முனை மின்சாரம் வந்ததும் தண்ணீர் கொட்டியது. நாற்றங்காலில் ஒரு ஓரம் காய்ந்தது போக மற்றது தேறும் என்று தெரிந்தது. அக்கா வாய்க்காலைத் திருப்பிவிட்டு, சேற்றுக் கையோடு வந்து, அரிவாள் நுனியால் கதவில் இருந்த மஞ்சள் ஸ்டிக்கரைச் சுரண்டினார். அது நாராக உரிந்தது. கூடவே என் பழைய பெயிண்டும் உரிந்து வந்தது. முதல் சில இலக்கம் மட்டும் மிஞ்சியது.

“எழுதுங்க தம்பி. இனிமே எனக்கு இதுதான் போனு.”

பெயிண்ட் டப்பாவைத் திறந்து எழுதினேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தார்.

“இது ஏழா, ஒன்னா?”

“ஏழுக்கா.”

“ஒன்னு மாதிரில்ல இருக்கு. குறுக்க ஒரு கோட்டப் போடுங்க. இந்த ஒன்னால பட்டது போதும்.”

கோடு போட்டேன். பிறகு எவ்வளவு வேண்டும் என்று அக்கா கேட்டார். பார்த்துக் கொடுங்கள் என்று நாக்கு வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, என் கூலியைச் சொன்னேன். “இவ்வளவுதானா? இதச் சொல்லவா ஒரு கம்பெனி?” என்று கேட்டார்.

அன்றிலிருந்து கதவு கதவாகப் போய்ச் சுரண்டுகிறேன். சில இடத்தில் சொந்தக்காரரே சுரண்டி வைத்திருக்கிறார்கள், அக்காவின் வாய் அப்படி. சில இடத்தில், இருக்கட்டும், அதில் தள்ளுபடி வருகிறது என்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. பழைய வேலையில் பாதிதான் திரும்பியிருக்கிறது.

கம்பெனியை விட்டு விலகிவிட்டேன். ஆனால் என் படம் விலகவில்லை. சுரண்டாத கதவில் சதுரத்தைப் படம் பிடித்தால், அந்த மஞ்சள் பனியனோடு, யாருடையதோ மெஷினைப் பிடித்துக்கொண்டு, நான் இன்னும் சிரிக்கிறேனாம். கீழே, இந்த நிபுணர் இப்போது கிடைக்கமாட்டார், பக்கத்தில் வேறு மூவர் இருக்கிறார்கள் என்று வருகிறதாம். என் மூஞ்சியைக் காட்டி மூன்று பேருக்கு விற்கிறார்கள். எடுத்துவிடச் சொல்லி மனைவி பலமுறை கேட்டுவிட்டாள். பரிசீலனையில் இருக்கிறது என்றே பதில் வருகிறது.

இப்போது அடைமழை. வயலெல்லாம் தண்ணீர், எந்த மோட்டாரும் ஓடவில்லை, அதனால் உட்கார்ந்து எழுத முடிந்தது. வேலை முடிந்தால் தேதி போடுவது எங்கள் பழக்கம். இதற்கும் போடுகிறேன்.

ஐப்பசி 21.